கூழ்ச் சொம்பை யார் கையில் கொடுப்பது?

காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் ஒரு பெண்ணை வைத்துக் குறுநாவல் ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். பெயர் செல்லக்கிளி. விடியுமுன் துறைமுகத்துக்குப் போவாள், பேரம் பேசுவாள், ஐஸுக்குக் கணக்குப் பார்ப்பாள், கடன் கொடுத்துவிட்டு வசூலுக்கு வரும் தண்டல்காரனுக்குப் பதில் சொல்வாள். வெளியில் எல்லாம் நன்றாகத்தான் நடமாடினாள். வீட்டுக்குள் வந்து கூடையை இறக்கியதும் என்ன செய்வாள் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எங்கள் வீட்டு வழக்கங்களை அவளுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று அப்போது தோன்றியது. கதை எழுதுகிற யாருக்காவது உதவட்டும் என்று அது நடந்த விதத்தை எழுதிவைக்கிறேன்.

எனக்கு அம்மா வழி காசிமேடு, நைனா வழி பெரம்பூர். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவது, மாசியில் ராயபுரம் அங்காள பரமேஸ்வரி கோயில் மயானக் கொள்ளைத் திருவிழா, இதெல்லாம் வடசென்னையில் எல்லாருக்கும் தெரிந்தது. டிவிக்காரர்களே வந்து எடுத்துவிட்டுப் போகிறார்கள். அதையே எழுதினால் செல்லக்கிளி கூட்டத்தில் ஒருத்தியாகிவிடுவாள். ஒரே ஒரு வீட்டில் மட்டும் நடக்கிற விஷயம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

அதைக் கேட்டு வாங்குவதில்தான் சூட்சுமம். பெரியம்மா முன்னால் போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, "நம்ம வீட்டு வழக்கமெல்லாம் சொல்லுங்க" என்று கேட்டால், பேட்டி கொடுக்கிற தோரணையில் நிமிர்ந்து உட்கார்ந்து பக்தியாக நாலு வார்த்தை சொல்லுவார். அது எதற்கும் ஆகாது. அவர் வெங்காயம் உரிக்கும்போது கூடவே குந்திக்கொண்டு, "கூழ் ஊத்துற அன்னிக்கு யார் யாரு திட்டு வாங்குவாங்க?" என்று கேட்டேன். கொட்டித் தீர்த்துவிட்டார். கேழ்வரகு வாங்கக் காசு கொடுப்பது சின்னத் தாத்தா. முந்தின நாளே மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, விடியற்காலையில் நொய் வேகவைத்து, அடுப்புப் புகையில் நின்று கிண்டுவது ஆயாவும் பெரியம்மாவும். வாசலில் நின்று கரண்டியால் ஊற்றி நல்ல பேர் வாங்கிக்கொள்வது, அதுவரை தூங்கிவிட்டுக் குளித்துப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வரும் இன்னொருவர். அவர் யார் என்று எழுதினால் எனக்கு அடுத்த ஆடிக்குக் கூழ் கிடைக்காது.

ஒரு சடங்கைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அதற்குக் காசு போட்டது யார், வேலை பார்த்தது யார், தப்பித்துக்கொண்டது யார் என்று முதலில் கேட்டுக்கொள்வேன். இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் கதாபாத்திரங்கள் தானாக வந்து நிற்கும். சாமியும் மஞ்சளும் வேப்பிலையும் அப்புறம் வரட்டும்.

மாவு வெந்துவிட்டதா என்று பார்க்கப் பெரியம்மா கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, கொதிக்கும் குண்டானுக்குள் மேலாகத் தொட்டு எடுப்பார். விரலில் ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது. அந்தத் தொடுதலைச் செல்லக்கிளிக்குக் கொடுத்தேன். நாளெல்லாம் ஐஸில் அளைகிற கை அவளுடையது. அந்தக் கை சூட்டை எப்படித் தாங்கும், அல்லது அதற்கு இப்போது சூடே தெரிவதில்லையா என்று யோசித்ததில் ஒரு பக்கம் எழுத முடிந்தது.

அதைவிடப் பெரிய புதையல் ஒன்று பேச்சுவாக்கில் கிடைத்தது. எங்கள் வீட்டில் கூழின் முதல் சொம்பு, பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்குப் போகும். ஆயா வைத்த சட்டம். ஏன் என்று யாருக்கும் தெரியாது. எந்த வருஷமும் ஆள் கிடைக்காமல் போனதில்லை என்று பெரியம்மா சிரித்தார்.

இதைக் கதைக்குள் கொண்டுவந்தபோது காலண்டரும் கைகொடுத்தது. கதை 2018ல் நடக்கிறது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. முன்பு 45 நாளாக இருந்ததை 2017ல்தான் கூட்டினார்கள். அந்த இரண்டு மாதமும் ஏலத்துக்கு வரத்து குறைவு, இருக்கிற மீனுக்கு விலை கொள்ளை. கூடைக்காரி தண்டல் வாங்கித்தான் அடுப்பெரிக்க வேண்டும். தடை முடிந்து ஒரு மாதத்தில் ஆடி பிறந்துவிடும். அதாவது கடன் அடையாத நேரத்தில்தான் கூழ். செல்லக்கிளி பேசாமல் இருப்பது அவளுக்குக் கடன் கொடுத்த நாத்தனாரிடம். முதல் சொம்பை எடுத்துக்கொண்டு அந்த வாசலுக்கு அவள் போயாக வேண்டும். அவள் பக்தியாகப் போகிறாளா, வீம்புக்குப் போகிறாளா, வட்டியில் தவணை கிடைக்குமென்று போகிறாளா? மூன்று மாதிரியும் எழுதிப் பார்த்துவிட்டு, அவளுக்கே தெரியாத மாதிரி விட்டுவிட்டேன்.

நைனா வழியில் வந்தது வேறு ரகம். தாத்தா பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாட்டிக்) துணி மில் தொழிலாளி. 1918ல் அங்கே தொடங்கிய தொழிற்சங்கமும் 1921 வேலைநிறுத்தமும் புத்தகங்களில் இருக்கின்றன. 1996ல் மில்லை மூடிய பிறகு தாத்தா ஆயுத பூஜைக்கு என்ன செய்தார் என்பது எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது. தொழிலாளி என்பதற்கு அடையாளமாக மில்லில் கொடுத்த டோக்கனைப் புளி போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, அரிவாள்மனைக்குப் பக்கத்தில் வைப்பார். கேட்டவுடன் தொண்டை அடைக்கிற விஷயம். அதுதான் ஆபத்தும்கூட. நல்லவன் ஒருவனுக்கு இதைக் கொடுத்தால் வாசகர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவார். அதனால் தண்டல்காரனுக்குக் கொடுத்தேன். ஆயுத பூஜை அன்று அவன் வசூல் நோட்டுக்கு மேலே அவனுடைய அப்பாவின் டோக்கனை வைத்துக் கும்பிடுகிறான். அப்பாவுக்கு வேலை போன வீட்டில் வளர்ந்தவன் என்று நான் தனியாக எழுத வேண்டிய அவசியமே வரவில்லை. அவன் மேல் கோபம் குறையாது, ஆனால் திட்டும்போது வாய் கொஞ்சம் தயங்கும்.

வீட்டு விஷயத்தை வெளியில் எடுத்தால் வீட்டில் சண்டை வரும், அது இல்லாமல் முடியாது. நான் வைத்துக்கொண்ட முறை இதுதான்: வழக்கம் ஒருவரிடமிருந்து வந்தால் குணம் இன்னொருவரிடமிருந்து, தொழில் மூன்றாமவரிடமிருந்து. எங்கள் வீட்டில் யாரும் மீன் கூடை தூக்கியதில்லை, தண்டலும் விட்டதில்லை. நோய்க்காக வேண்டிக்கொண்ட நேர்த்திக்கடன் ஒன்றைப் பற்றியும் பெரியம்மா சொன்னார். கதைக்கு அள்ளிக் கொடுத்திருக்கும். ஆனால் அதற்குரியவர் இன்னும் அதே தெருவில் இருக்கிறார். நோட்டில் எழுதியிருந்த அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

முடித்ததும் கூழ் அத்தியாயத்தைப் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நொய் வேகுமுன் மாவை ஊற்றியிருந்ததைத் திருத்தினார். மோரையும் சின்ன வெங்காயத்தையும் சொல்லிவிட்டுக் கருவாட்டுக் குழம்பை விட்டுவிட்டாயே என்றார், சேர்த்தேன். கடைசி வரி வரைக்கும் கேட்டுவிட்டு, "அந்தக் கடன அவ குடுத்துட்டாளா இல்லியா?" என்றார்.

அதைக் கதையில் சொல்லவில்லை பெரிம்மா என்றேன்.

"அப்ப இன்னாத்துக்குடா கத?" என்று சீரியல் பார்க்க எழுந்து போய்விட்டார்.