சிவப்பு ஹோஸ்

டிரெய்லரைக் கழற்றுவதில் எனக்கு இருந்த பயம் போய் ரொம்ப நாளாகிறது. மாட்டுவதில் மட்டும் இன்னும் போகவில்லை.

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற வழியில், உப்பளத்தை ஒட்டிய ஒரு யார்டில் கிளீனராகச் சேர்ந்தேன். எங்கள் தொழிலில் முன்னால் இழுக்கும் வண்டிக்குக் குதிரை என்று பேர். பின்னால் இழுபடும் தாழ்வான டிரெய்லருக்கு லோபெட். அதன் மேல் பெரும்பாலும் இருபது டன் மண் தோண்டும் மிஷின்தான் நிற்கும். எந்தக் கம்பெனி தயாரித்தாலும் எங்கள் வாயில் அது ஹிட்டாச்சிதான்.

என் டிரைவர் அண்ணாச்சி கழற்றுவதில் மகா பொறுமைசாலி. உப்பளத்து மண் ஐப்பசி மழையில் களியாகிவிடும். கழற்றிய டிரெய்லரைத் தாங்கும் முன்கால்களை வெறும் தரையில் இறக்கினால் ராத்திரிக்குள் ஒரு சாண் புதைந்துவிடும். அதனால் அடியில் சிலீப்பர் கட்டை. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை. பிறகுதான் டிரெய்லர் பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் ஹோஸைக் கழற்றுவார். டிரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கிங்பின் குதிரையின் பூட்டில் மாட்டியிருக்கும். அதைத் திறக்கும் லாக் கம்பி இறுகிக்கொண்டால் சுத்தியலைத் தேடமாட்டார். குதிரையை ஒரு விரற்கடை பின்னால் தள்ளுவார், கிங்பின் தளர்ந்து கம்பி தானாக வரும். முன்னால் எடுக்கும்போதும் ஒரே இழுப்பாக எடுக்கமாட்டார். கிங்பின் விடுபட்டதும், டிரெய்லரின் கழுத்து குதிரையின் சேசிஸுக்கு மேலே இருக்கும்போதே நிறுத்தி, இறங்கி, கால்களைப் பார்ப்பார். கால் புதைந்தாலும் பாரம் சேசிஸ் மேல்தானே உட்காரும்.

அன்றைக்கு விடியற்காலை. ஹிட்டாச்சி ஏற்றியபடியே விட்டுப்போன லோபெட்டை மாட்ட வந்தோம். முதலாளி இரண்டு தடவை போன் செய்துவிட்டார். அண்ணாச்சி பின்னால் வந்தார். குதிரையின் முதுகில் இருக்கும் டர்ன்டேபிள் தட்டில் 'டக்' என்று கிங்பின் விழுந்தது. இறங்கி, டார்ச்சை அடித்துக்கொண்டு முன்கால் பக்கமாகக் குனிந்தார். பூட்டின் தாடை கிங்பின்னின் கழுத்தைச் சுற்றி மூடியிருக்கிறதா, தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கத்தான். டிரெய்லர் உயரமாக நின்றால் கிங்பின் தாடைக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு, பூட்டிய மாதிரியே ஏமாற்றும். முதல் வளைவில் தெரியும் சேதி.

நான் கேபினுக்குப் பின்னால் சேசிஸ் மேல் நின்று சிவப்பு ஹோஸை மாட்டினேன். காற்று சீறிக்கொண்டு ஓடியது. கொஞ்ச நேரத்தில் காலடி நகர்ந்தது. ஏதோ தலைசுற்றல் என்றுதான் நினைத்தேன்.

"ஏலே! ஹேண்ட்பிரேக்!"

அண்ணாச்சி பின்னால் பாய்ந்து மல்லாக்க விழுந்தார். யார்டு கேட் பக்கம் லேசான சரிவு, அவ்வளவுதான். முன்கால் இரண்டும் சிலீப்பரை விட்டு இறங்கி, மண்ணை உழுது, வளைந்தன. டிரெய்லர் சக்கரம் முட்டுக்கட்டையில் ஏறப் பார்த்தது. கட்டை பாதி நசுங்கி நின்றது, வண்டியும் நின்றது.

விஷயம் இதுதான். சிவப்பு ஹோஸைக் கழற்றினால் டிரெய்லர் பிரேக் பிடித்துக்கொள்ளும். திரும்ப மாட்டினால் காற்று உள்ளே போய் அதே பிரேக்கை விடுவிக்கும். குதிரை ஹேண்ட்பிரேக் இல்லாமல் நின்றாலும் நமக்குத் தெரியாது, ஏனென்றால் அதுவரை பின்னால் இருக்கும் டிரெய்லர்தான் மொத்தத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிடியை விட்டது என் கைதான். காற்று தீர்ந்தாலும் தானே பிடித்துக்கொள்ளும் ஸ்பிரிங் பிரேக் இல்லாத பழைய டிரெய்லர்கள் இன்னும் மோசம். தொட்டியில் இருக்கும் காற்று கசிந்து தீர்ந்துவிட்டால், மாட்டாமல் நிற்கும்போதே பிரேக் இருக்காது. முட்டுக்கட்டை ஒன்றுதான் துணை.

பூட்டைக் குனிந்து பார்க்கிற அளவுக்குக் கவனமான ஆள்தான் அண்ணாச்சி. ஹேண்ட்பிரேக்கை மறந்ததும் அதே ஆள்தான். கழற்றும்போது வேலை முடிந்த நிதானம் இருக்கிறது. மாட்டும்போது மனசு முன்னாலேயே ரோட்டுக்குப் போய்விடுகிறது. முதலாளியின் போனை இதில் சேர்க்கலாமா என்றால், நான் சேர்ப்பேன்.

இப்போது யார்டு என் பொறுப்பில் இருக்கிறது. ஹோஸில் கை வைக்கும் முன் எஞ்சினை அணைத்து, சாவியோடு டிரைவர் இறங்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் கால்களை லேசாகத் தூக்கி, டிரெய்லர் பிரேக்கைப் பிடித்து, லோ கியரில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்க வேண்டும். சில டிரைவர்களுக்கு என் மேல் கடுப்புதான்.

போன வாரம் ஒருத்தர் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே இறங்கினார். "ஹேண்ட்பிரேக் போட்டாச்சா?" என்றேன்.

"இருவது வருசமா ஓட்டுறேன் சார்."

"சரிண்ணே. போட்டாச்சா?"

முணுமுணுத்தபடியே மறுபடி ஏறினார். உள்ளேயிருந்து 'புஸ்' என்று சத்தம் கேட்டது.