கிரீஷ் கர்னாட் டாபிக் எடுக்கப் போறீங்களா? நான் வைவால முழிச்ச கதையைப் படிச்சுட்டுப் போங்க

எம்.ஏ இங்கிலீஷ் கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு நான் எடுத்தது கிரீஷ் கர்னாட், கன்னடத்துல நாடகம் எழுதுனவரு, சினிமா டைரக்டர், நடிகர். பெரிய காரணம்லாம் இல்ல, சிலபஸ்ல ஏற்கனவே அவரோட ஹயவதனா நாடகம் இருந்துச்சு, பாதி வேலை மிச்சம்னு நெனச்சேன், வீட்லயும் காதலன் படத்துல கவர்னரா வருவாரே அவர்தான்னு சொன்னா புரிஞ்சுரும்.

வைவால (ப்ராஜெக்ட் பத்தி நேர்ல கேள்வி கேக்குற பரீட்சை) வெளியில இருந்து வந்த மேடம் சாதாரணமாத்தான் ஆரம்பிச்சாங்க. "நாடகமும் எழுதிருக்காரு, படமும் டைரக்ட் பண்ணிருக்காரு, அப்போ அவர் நாடகத்துல எதையெல்லாம் அவரே படமா எடுத்தாரு?" நான் ஒரு செகண்ட்கூட யோசிக்காம நாகமண்டலான்னு சொல்லிட்டேன். நாடகம் கர்னாட் எழுதுனதுதான், ஆனா 1997ல வந்த படத்தை எடுத்தது அவர் இல்ல, டி.எஸ்.நாகாபரணா. மேடம் பேனாவைக் கீழ வச்சுட்டு என்னையே பாத்தாங்க பாருங்க, இப்ப நெனச்சாலும் வேர்க்குது.

விஷயம் என்னன்னா கர்னாட் டைரக்ட் பண்ண முழுநீளப் படம் எதுவுமே அவர் எழுதுன நாடகம் கிடையாது. நான் ஏன் தப்பா நெனச்சேன்னா நம்மூர் கணக்கு அப்படி. பாலசந்தர் தன்னோட மேஜர் சந்திரகாந்த்தை அவரே படமா எடுத்தாரு, சோ தன்னோட முகமது பின் துக்ளக்கை 1971ல அவரே எடுத்தாரு, அப்போ இவரும் அப்படித்தான் இருப்பாருன்னு மனசு தானா முடிவு பண்ணிருச்சு.

அதனால படிக்கிறப்போ நோட்டுல ரெண்டு பக்கம் பிரிச்சுக்கோங்க, இடது பக்கம் நாடகம், வலது பக்கம் படம், ரெண்டுலயும் வருஷத்துக்குப் பக்கத்துலயே கதை எங்க இருந்து வந்துச்சுன்னு எழுதணும், அதை விட்டுட்டா வருஷத்தை மட்டும் மனப்பாடம் பண்ணி பிரயோஜனம் இல்ல. யயாதி 1961 மகாபாரதம், துக்ளக் 1964 சரித்திரம், ஹயவதனா 1971 கதாசரித்சாகரம்ங்கிற பழைய சமஸ்கிருதக் கதைத் தொகுப்பும் ஜெர்மன் எழுத்தாளர் தாமஸ் மன் எழுதுன கதையும், நாகமண்டலா 1988 நாட்டுப்புறக் கதைகளைச் சேகரிச்ச கவிஞர் ஏ.கே.ராமானுஜன் சொன்ன கதை. வலது பக்கம் வம்சவிருட்சா 1971 பைரப்பா நாவல் (இது பி.வி.கரந்த்தோட சேர்ந்து எடுத்தது, இதையும் கேப்பாங்க), காடு 1973 ஆலனஹள்ளி நாவல், உத்சவ் 1984 சூத்ரகரோட மிருச்சகடிகம், கானூரு ஹெக்கடிதி 1999 குவெம்பு நாவல். இப்படி எழுதிப் பாத்தப்பதான் 1992ல வந்த செலுவி கண்ணுல பட்டுச்சு, அதுவும் ராமானுஜன் கிட்ட இருந்து வந்த நாட்டுப்புறக் கதைதான். அப்போ ரெண்டு பக்கத்தையும் கோக்குற நூல் அவரோட சொந்தக் கதை இல்ல, ஏற்கனவே ஊர்ல இருக்குற கதையை எடுத்து மாத்திச் சொல்றதுதான். என் ப்ராஜெக்ட்டுல இந்த ஒரு பாயிண்ட் இருந்திருந்தா போதும், மீதி 60 பக்கத்தையும் எழுதிருக்கவே வேணாம்.

மாட்டிக்கிற இன்னொரு பொறி சம்ஸ்காரா படம், 1970. கர்னாட் அதுல நடிச்சாரு, திரைக்கதை எழுதுனாரு, ஆனா டைரக்டர் பட்டாபிராம ரெட்டி, நாவல் அனந்தமூர்த்தியோடது. மாத்தி எழுதாதவங்க கம்மி. அந்தக் காலத்துல கர்னாட் மெட்ராஸ்லதான் இருந்தாரு, ஆக்ஸ்ஃபோர்ட் யுனிவர்சிட்டி பிரஸ்ல வேலை, சாயந்தரமானா மெட்ராஸ் பிளேயர்ஸ்ங்கிற குழு கூட நாடகம்.

கர்னாட்டோட துக்ளக் நாடகத்துல கேள்வி வந்தா எல்லாரும் அது நேரு காலத்து ஏமாற்றத்தைச் சொல்லுதுன்னு ஒரு பாரா எழுதிட்டு வந்துருவாங்க. தப்பில்ல, ஆனா திருத்துறவங்க நூறு பேப்பர்ல அதையே படிச்சிருப்பாங்க. நீங்க சீன் அமைப்பைப் பத்தி எழுதுங்க. பழைய பார்சி நாடகத்துல முன்னாடி திரையைத் தொங்கவிட்டு தெரு சீன், காமெடி எல்லாம் ஓட்டுவாங்க, பின்னாடி அரண்மனை செட் ரெடியாகிட்டு இருக்கும். கர்னாட் அதே முறையை எடுத்துக்கிட்டு, முன்னாடி சீன்ல இருக்க வேண்டிய சலவைத் தொழிலாளி அஜீஸை கொஞ்சம் கொஞ்சமா உள்ள கொண்டு வந்து கடைசில சுல்தான் துக்ளக் முன்னாடியே நிக்க வச்சிருவாரு. மேடை அமைப்பே அரசியல் பேசுது, இதை எழுதுனா மார்க் தனியா விழும்.

யுஜிசி நெட் (காலேஜ் ஆசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வு) எழுதுறவங்களுக்கு, ரெண்டு பேப்பரும் சேத்து 150 கேள்வி, 300 மார்க், 3 மணி நேரம், நெகட்டிவ் மார்க் இல்ல. பொருத்துக, வருஷ வரிசைப்படுத்துக மாதிரி கேள்விக்கெல்லாம் அந்த ரெண்டு பக்க நோட்டு மட்டும் போதும்.

வைவால என்னைக் காப்பாத்துனது ரெண்டாவது கேள்வி. ஆக்ஸ்ஃபோர்ட்ல படிச்ச ஆளு ஏன் கன்னடத்துல எழுதுனாருன்னு கேட்டாங்க. அவருக்கு இங்கிலீஷ் கவிஞர் ஆகணும்னுதான் ஆசை, ராஜாஜி எழுதுன மகாபாரதம் மனசுல ஆழமாப் பதிஞ்சிருந்துச்சு, வெளிநாடு கிளம்புற நேரத்துல வீட்ல ஒரே கலவரம், போனா திரும்பி வருவானா மாட்டானான்னு, அந்தக் குழப்பத்துல உக்காந்தப்போ அப்பனுக்காக இளமையைக் குடுக்குற மகன் கதை யயாதிங்கிற நாடகமா, அதுவும் கன்னடத்துல வந்துருச்சுன்னு சொன்னேன். மேடம் பேனாவை மறுபடி எடுத்தாங்க. 100க்கு 71 போட்டாங்க, நாகமண்டலாவுக்கு எவ்வளவு குறைச்சாங்கன்னு நான் கேக்கல.