சிள்வண்டு அடங்கும் நேரத்தில் ஷூபர்ட்

தென் பிரான்சில், எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்திலிருந்து 30 கிலோமீட்டர் போல தள்ளி, லா ரோக் தாந்தேரோன் என்ற சிற்றூர் இருக்கிறது. 1981-லிருந்து கோடைதோறும் அங்கே பியானோ விழா. ஃப்ளோரான் மாளிகைப் பூங்காவில், பிளேன் என்ற நிழல் மரங்களுக்கு நடுவே திறந்தவெளி மேடை. ஒலி வானத்தில் சிதறிப் போகாமல் நம் பக்கம் திருப்பிவிட, மேடைமேல் சிப்பி மாதிரி ஒரு கூடு.

முதல் கேள்வி, எங்கே உட்காருவது? விரல்களைப் பார்க்கணும் என்று எல்லோரும் இடதுபக்கம் போய்விடுகிறார்கள். கேட்பதுதான் முக்கியம் என்றால் நடுவில், கொஞ்சம் வலப்புறம் தள்ளி இடம் பிடியுங்கள். பியானோவின் மூடி வலப்பக்கமாகத் திறக்கிறது. ஒலி அதில் மோதித்தான் வெளியே வருகிறது. முதல் இரண்டு வரிசை வேண்டாம். ஒலி தலைக்குமேல் போய்விடும், பெடல் சத்தம்தான் காதில் விழும்.

திறந்தவெளியில் பெரிய எதிரி வெப்பநிலை. ஒரு கச்சேரி பியானோவில் ஏறக்குறைய 230 தந்திகள். வெயிலில் சுருதி சேர்த்த எஃகுத் தந்தி, பொழுது சாய்ந்து குளிர்ந்ததும் சுருங்கி இறுகும், சுருதி ஏறும். நடு ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மூன்று தந்திகள் உண்டு. மூன்றும் ஒரே அளவில் நகர்வதில்லை. அதனால் ஒற்றை ஸ்வரமே அலையடிக்கும். இடைவேளையில் சுருதி சேர்ப்பவர் வந்து, ஃபெல்ட் என்ற கம்பளித் துண்டைச் செருகி ஒரு தந்தியை அடக்கிவிட்டு, மற்ற இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்பார். அந்த அலை நிற்கும்வரை தந்தியை இறுக்கும் சாவியை மயிரிழை அளவு திருப்புவார். அப்போது மேடையோரம் நின்று பேசாதீர்கள்.

இரவு 9 மணிக் கச்சேரி என்றால், ஜூலைக் கடைசியில் சூரியன் மறையவே 9 தாண்டும். சிள்வண்டுகள் இருட்டினால்தான் ஓயும். ஆகவே நிகழ்ச்சித் தாளில் எந்தப் படைப்பு எந்தப் பாதியில் வருகிறது என்று பாருங்கள். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட் 1828-ல், இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு எழுதிய பி-ஃப்ளாட் சொனாட்டா (நான்கு பகுதிகள் கொண்ட பியானோ படைப்பு) இரண்டாம் பாதியில் வந்தால் கொடுத்துவைத்தவர்கள். மெல்லிய மெட்டு ஒன்று போய்க்கொண்டிருக்கும்போதே, எட்டாவது பாரில் (பார் என்பது ஒரு தாள அளவு) கீழ் ஸ்தாயியில் ஒரு ட்ரில்: அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்கள் தூரத்து இடி போலக் குமுறி அடங்கும். பிறகு முழு மௌனம். அந்த மௌனமும் எழுதப்பட்ட இசைதான். ஒரு இருமல் போதும், போச்சு.

இந்தச் சொனாட்டாவின் முதல் பகுதியில், தொடக்கப் பிரிவைத் திருப்பி வாசிக்கச் சொல்லி ஷூபர்ட் குறித்திருக்கிறார். நேரமாகிறது என்று பலர் விட்டுவிடுவார்கள். விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. திரும்பும் இடத்தில் மட்டும் வரும் 9 பார்கள் இருக்கின்றன. அதே ட்ரில் முழுப் பலத்தோடு வெடிப்பது அங்கே மட்டும்தான்.

நான்கு பகுதிகள், நடுவில் கைதட்டுவதில்லை. நம் கச்சேரிப் பழக்கத்தில் தொடையில் தாளம் போடுவதும் 'பலே' சொல்வதும் இங்கே வேண்டாம். கடைசியிலும் அவசரப்படாதீர்கள். கால் பெடலில் இருக்கும்வரை தந்திகள் அதிர்ந்துகொண்டே இருக்கும். கை மடிக்கு இறங்கட்டும், பிறகு தட்டுங்கள்.

மெல்லிய ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கொசு மருந்தை வீட்டிலேயே பூசிவிட்டு வாருங்கள். கொசு அடிக்கிற சத்தம் மூன்று வரிசைக்குக் கேட்கும். முடியும்போது 11 மணி ஆகிவிடலாம், திரும்ப வண்டிக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.