பச்சிலைதானே என்று…

"பச்சிலைதானேக்கா, ஒண்ணும் பண்ணாது. தைரியமா சாப்பிடுங்க."

இன்று நாட்டு மருந்துக் கடையில் எனக்கு முன்னால் நின்ற அக்காவின் கையில் ஆடுதின்னாப்பாளைப் பொடி. பழைய பேப்பரில் மடித்தது. எவ்வளவு, எத்தனை நாள் என்று ஒரு குறிப்பும் இல்லை.

அந்தச் செடியில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. எலிகளுக்கு அது புற்றுநோய் உண்டாக்குவது 1982-லேயே தெரிந்துவிட்டது.

அப்படியும் 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் இளைக்க இதே குடும்பத்து மூலிகை கலந்த மாத்திரை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானது.

எலிகள் உயிரைக் கொடுத்துச் சொன்ன சேதி, இன்னும் கடைக்காரர் காதுக்கு வரவில்லையே என்றுதான் வேதனை.

இப்படி ஒரு மூலிகை பாதுகாப்பானதா என்று அறிய, எலிக்கு ஒரே வேளை மருந்து கொடுத்து 14 நாள் கவனிக்கும் சோதனை போதாது. மெல்லக் கொல்லும் நஞ்சு இது. 90 நாள் தொடர்ந்து கொடுத்து, சிறுநீரகத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும்.