ஆயிரம் யூனிட்

“அண்ணாச்சி, நீங்களும் கையெழுத்துப் போட்டியளா?”

காண்டிராக்டில் இருந்த டெக்னீசியன் பையன் கேட்டது இவ்வளவுதான். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிக் கேட்டான். “மேல இருந்து பிரஷர்டே, உனக்குத் தெரியாதா?” என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அவன் கேட்டது அதை இல்லை.

பணகுடிப் பக்கம் காற்றாலையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று இறங்கிவிட்டால் மெஷினை நிறுத்துகிற பேச்சையே எடுக்க முடியாது. சர்வீஸை அதற்குள் முடித்திருக்க வேண்டும். அந்த வருடம் கியர்பாக்ஸ் ஆயில் பில்டர் வந்து சேரவே வைகாசி ஆகிவிட்டது. இன்சார்ஜிடம் போய் நின்றேன்.

“நாலு மணி நேரம் நிறுத்தினா எத்தனை யூனிட் போகும்? கணக்குப் போட்டுச் சொல்லும்.”

250 கிலோவாட் மெஷின். முழு லோடில் 1,000 யூனிட். சொன்னேன்.

“ஓனர்ட்ட நீரே போன் போட்டுச் சொல்லுதீரா?”

எல்லார் முன்னாலும் கேட்டார். திரும்பி வந்துவிட்டேன்.

ஆடியில் கியர்பாக்ஸ் பேரிங் போனது. அடிக்கிற காற்றில் கிரேன் போட்டு கியர்பாக்ஸை இறக்க முடியாது. சீசன் முடியும்வரை மெஷின் சும்மா நின்றது. 1,000 யூனிட்டுக்குப் பார்த்தவர்கள் யாரும் அந்தக் கணக்கைப் போடவில்லை. டெக்னீசியன் ஆயில் லெவல் பார்க்கவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. கீழே என் பெயர் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அந்த டெக்னீசியன் அவன்தான். காண்டிராக்டில் இருந்த பையன், மறுவாரமே நிறுத்திவிட்டார்கள்.

நான் போடாவிட்டாலும் அனுப்பியிருப்பார்கள். என்னையும் சேர்த்தே அனுப்பியிருப்பார்கள். பிள்ளைகளுக்கு பீஸ் கட்டுகிற மாதம் வேறு. இதை எத்தனையோ தடவை எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் இருக்கிறது. அப்புறமும் தூக்கம் கலைகிறது.

“அண்ணாச்சி, சத்தம் மாறியிருக்கு” என்று முதலில் வந்து சொன்னவனே அவன்தான். பேரிங் போவதற்கு எட்டு நாள் முன்னால். இன்சார்ஜிடம் வாயால் சொன்னேன், லாக் புக்கில் எழுதவில்லை. எழுதினால் அவர் கத்துவார், அந்த ஒரு பயம்தான். அந்த வரி இருந்திருந்தால் அப்படியொரு ரிப்போர்ட்டை அவரால் எழுதியிருக்க முடியாது. பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது. அன்று யாரும் என்னை எழுதாதே என்று சொல்லவில்லை.

போன மாதம் வள்ளியூர் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். “நல்லாருக்கியளா அண்ணாச்சி” என்று கேட்டுவிட்டு பஸ் ஏறிப் போனான். லாக் புக் விஷயம் அவனுக்குத் தெரியாது. நான் இன்னும் சொல்லவில்லை.