பெயர் வைக்காத மழை

எங்கள் ஊர் தாமிரபரணி கடலில் விழுகிற இடத்துக்குப் பக்கம். அப்பா நாற்பது வருஷமாக வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். காற்று கொண்டலா வாடையா, நீவாடு, அதாவது கடலின் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கரையில் நின்றபடியே சொல்லிவிடுவார்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. நான் இருந்த பாளையங்கோட்டையில் விடியாத இருட்டிலிருந்து மழை. சாயங்காலம் போன் பண்ணினேன். "மழைதாம் மக்களே, விட மாட்டேங்கு. ஆனா புயல் கியல் ஒண்ணும் இல்ல. வள்ளத்த மேல ஏத்திக் கட்டியாச்சு" என்றார். நானும் சரி என்று வைத்துவிட்டேன். அதற்கப்புறம் மூன்று நாள் லைன் கிடைக்கவில்லை.

அவர் சொன்னது உண்மைதான். அது புயல் இல்லை. குமரிக்கடல் பக்கம் வளிமண்டலத்தில் ஒரு சுழற்சி, அவ்வளவுதான். இரண்டு வாரம் முன்னால் சென்னையை மூழ்கடித்த மிக்ஜாமுக்குப் பெயர் இருந்தது, அது எங்கே வருகிறது என்று மணிக்கு மணி டிவியில் காட்டினார்கள். இதற்குப் பெயர்கூட இல்லை. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியே அரித்துப்போய், செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றுபோனது.

அங்கே பெய்ததும் மலையில் பெய்ததும் சேர்ந்து கடைசியில் எங்கள் ஊர் வழியாகத்தானே கடலுக்குப் போக வேண்டும்? அப்பா கிழக்கு வாசலில் உட்கார்ந்து ராத்திரியெல்லாம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தண்ணீர் வந்தது அடுக்களை வழியாக, மேற்கே இருந்து. அம்மா கூப்பிட்டதும் ஓடிப்போய், குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாராம். "உப்பு இல்லடீ. ஆத்துத் தண்ணி." அந்த ஒரு நொடியில்தான் அவருக்குப் பயம் வந்ததாகச் சொன்னார். கடல் தண்ணீர் என்றால் எவ்வளவு ஏறும், எப்போது இறங்கும் என்று அவருக்குக் கணக்கு உண்டு. இதற்கு அவரிடம் கணக்கு இல்லை.

அதிலிருந்து நான் புயல்களைப் பற்றித் தேடித்தேடிப் படிக்கிறேன். அமெரிக்காவில் ஹரிக்கேன் என்பதும் ஜப்பான் பக்கம் டைஃபூன் என்பதும் நம் புயலும் ஒரே ஜாதிதான். அமெரிக்காவில் காற்றின் வேகத்தை வைத்து ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் கொடுக்கிறார்கள். 2005-ல் கத்ரீனா ஐந்தாம் எண்ணிலிருந்து மூன்றாக இறங்கித்தான் கரைக்கு வந்தது. ஆனால் அது முன்னமே தள்ளிவிட்ட கடல் இறங்கவில்லை, நியூ ஆர்லியன்ஸின் வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்தன. காற்றுக்குப் போட்ட எண் தண்ணீரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. 1964-ல் தனுஷ்கோடியை ரயிலோடு வாரிக்கொண்டு போனதும் தண்ணீர்தான்.

காற்றை லேசாக எண்ணிவிடச் சொல்லவில்லை. 2017 நவம்பர் 30-ஐ மறக்க முடியுமா? ஒகி புயல் ஒரே நாளில் வலுத்து, குமரிக்குத் தெற்கே தங்கலுக்கு, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க, போயிருந்தவர்களைப் பிடித்துக்கொண்டது. கரைக்கு வந்த எச்சரிக்கை நடுக்கடலில் இருந்தவனுக்குப் போய்ச் சேரவில்லை. அப்பாவோடு பழகிய இரண்டு பேர் இன்னும் வரவில்லை. அவர்கள் வீடுகளில் இன்றும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டோம்.

ஆனால் பெயர் வைத்தால்தான் பயப்படுவோம் என்ற பழக்கம் இருக்கிறதே, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. "கனமழை" என்று ஒரு வரி வந்தால் குடையை எடுத்து வைக்கிறோம். "புயல்" என்றால்தான் ரேஷன் கார்டை பாலிதீனில் சுற்றுகிறோம். அம்மாவின் கல்யாணச் சேலையும் என் பத்தாம் வகுப்புச் சான்றிதழும் போனது அந்த ஒரு வரியில்தான்.

இப்போது ஐப்பசி பிறந்தால் அப்பா தினமும் காலையில் போன் பண்ணுகிறார். கடலைப் பற்றிப் பேச்சே இல்லை. மலைமேல் இருக்கிற நாலுமுக்கு, ஊத்து எஸ்டேட்டுகளின் மழையும் ஆற்றுத் தண்ணீரும்தான்.

"நாலுமுக்குல எவ்வளவு மழை? ஊத்துல? ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுல எவ்வளவு போகுதாம்?"

நான் பார்த்துச் சொல்கிறேன். அவர் காலண்டரில் எழுதிக்கொள்கிறார்.