எக்செல் ஷீட்டில் ஜூன் 5 மே 6 ஆவது எப்படி

ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரி ஒன்றின் லாட் பதிவை, அதாவது சரக்குத் தொகுதிகளின் எக்செல் பட்டியலை, எடுத்துக்கொள்ளுங்கள். வெட் ப்ளூ (குரோமில் பதனிட்ட ஈரத்) தோல் வந்த தேதிக்கு 05/06/2024 என்று அடித்திருக்கிறார்கள். நமக்கு அது ஜூன் 5. அடித்த கம்ப்யூட்டரின் ரீஜன் செட்டிங் அமெரிக்கா (மாதம் முதலில், நாள் பிறகு) என்று இருந்தால் எக்செல்லுக்கு அது மே 6. எக்செல் தேதியை நாட்களின் எண்ணிக்கையாகத்தான் வைத்துக்கொள்ளும்; செல்லுக்குள் 45448 போக வேண்டிய இடத்தில் 45418 போய் உட்காரும். எந்த எச்சரிக்கையும் வராது.

அடுத்த வரியில் 13/06/2024. 13-வது மாதம் கிடையாதே, அதனால் அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஷீட்டைப் படிக்கும் புரோகிராம் இந்த எழுத்து செல்லில்தான் முட்டி நிற்கும். எல்லோரும் அதை மட்டும் சரிசெய்துவிட்டு நகர்கிறார்கள். கெட்டுப்போனது உண்மையில் ஓசையில்லாமல் எண்ணாக மாறிய செல்கள்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஜூன் மாத லாட்டுகள் ஜனவரி 6, பிப்ரவரி 6 என்று தொடங்கி டிசம்பர் 6 வரை சிதறிக் கிடக்கும். எண் செல் எதிலும் நாள் 12-ஐத் தாண்டாது, எழுத்து செல் எல்லாவற்றிலும் நாள் 13 அல்லது அதற்கு மேல். இந்த இரண்டும் பொருந்தினால் எண் செல்களில் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றுங்கள். ஒரே ஷீட்டில் இரண்டு கம்ப்யூட்டரிலிருந்து அடித்திருந்தால் புரோகிராமால் தீர்க்க முடியாது. சரக்கு வந்த பில்லை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். ஊகித்து நிரப்பாதீர்கள்.

எண்ணைத் தேதியாக்க 1899 டிசம்பர் 30-லிருந்து அத்தனை நாள் கூட்டுங்கள். 1900 ஜனவரி 1 தானே 1 என்று கேட்கலாம். லோட்டஸ் 1-2-3 என்ற பழைய ஸ்ப்ரெட்ஷீட் மென்பொருளின் தவறை அப்படியே தொடர்ந்து, இல்லாத 1900 பிப்ரவரி 29-க்கும் எக்செல் 60 என்று ஒரு எண் கொடுத்திருக்கிறது. அதனால்தான் அடிப்படை நாள் ஒன்று பின்னே போகிறது. 1900 மார்ச் 1 முதல் கணக்கு சரியாக வரும். பழைய மேக் ஃபைல்களில் 1904-லிருந்து எண்ணும் முறை இருக்கலாம், அதில் எண் 1462 குறைவு. பைத்தானில் எக்செல் ஃபைலைப் படிக்கும் ஓப்பன்பைஎக்ஸ்எல் லைப்ரரி கொடுக்கும் ஒர்க்புக்கின் எபாக்கை (எண்ணத் தொடங்கும் நாளை) முதலில் பாருங்கள்.

ஜாவாஸ்கிரிப்டில் எண்ணிலிருந்து 25569 (1970 ஜனவரி 1-இன் எண்) கழித்து 86400000-ஆல் (ஒரு நாளின் மில்லி விநாடிகள்) பெருக்கினால் அந்த நாளின் யுடிசி (உலகப் பொது நேர) நள்ளிரவு கிடைக்கும். நாள், மாதத்தை யுடிசி ஃபங்ஷன்களாலேயே எடுங்கள். வேலூர் நேரப்படி ஜூன் 5 நள்ளிரவை உருவாக்கி ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங் (யுடிசி நேரத்தில் எழுதப்படும் தேதி வடிவம்) ஆக்கினால் ஜூன் 4, 18:30 என்று வரும். நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் சேமித்தால் டேட்டாபேஸில் ஒரு நாள் குறைந்திருக்கும்.